ஸ்கைரிம்: எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

2011 நவம்பர் 11ஆம் திகதி வெளியான ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை நான் தொட்டது 2014இல். கொழும்பில் வேலை செய்யும் மச்சான் தீபாவளிக்குக் கொட்டகலைக்கு வந்தபோது தன் பழைய மடிக்கணினியை என்னிடமே விட்டுப்போனான். அதில் இந்த விளையாட்டு இருந்தது. விட்டும் தொட்டும் பத்தாண்டுக்கு மேல் ஆடிய பிறகு இதை எழுதுகிறேன். வாள்வீச்சு சுமார்தான், பனிமலைகள் அழகு, குகைகள் போகப்போக ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகள் என்னைக் கட்டிப்போட்டது, அந்த உலகத்தார் தெய்வங்களைப் பற்றி ஓயாமல் நடத்தும் வழக்கு.

வழக்கின் நடுவில் நிற்பவர் டாலோஸ். டைபர் செப்டிம் என்ற மனிதராக டாம்ரியல் கண்டம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த பேரரசர் பின்னர் தெய்வமாகி, ஏற்கெனவே வணங்கப்பட்ட எட்டுத் தெய்வங்களோடு ஒன்பதாவதாகச் சேர்ந்தார் என்பது மனிதர்களின் நம்பிக்கை. மனிதனாக இருந்தவன் எப்படித் தெய்வமாவான் என்பது தால்மோர் என்னும் எல்ஃப் ஆட்சியாளரின் கேள்வி. எல்ஃப்கள் என்போர் அந்த உலகத்தில் மனிதரல்லாத வேறோர் இனத்தார். பெரும்போரில் களைத்துப்போன பேரரசு அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை டாலோஸ் வழிபாட்டைத் தடை செய்தது. கதை நடக்கும் நாடான ஸ்கைரிமில் உள்நாட்டுப் போர் மூள அந்தத் தடையே பெரிய காரணம். வைட்ரன் நகரத்து டாலோஸ் சிலைக்கு முன்னால் ஹைம்ஸ்கர் என்ற போதகர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒலியைக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு மாலை டாலோஸின் பீடத்தில் என் பாத்திரத்தைக் கும்பிட வைத்தபோது மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பக்கத்துத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் பூசாரியும் அவரே. திரையின் மூலையில் எழுத்து மின்னியதும், "என்ன மாப்புள சொல்லுது?" என்றார். டிராகன் மொழியில் எழுப்பும் ஒரு முழக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்கும் நேரம் 20 சதவீதம் குறையும், உடம்பில் இருக்கும் நோயும் தீரும் என்று விளக்கினேன்.

"அப்ப வரம் குடுக்குது."

"குடுக்குது மாமா."

"குடுக்குதுன்னா சாமிதானே. அப்பறம் எதுக்கு அடிச்சிக்கிறானுங்க?"

இந்த விளையாட்டில் டாலோஸுக்கு ஆதரவாக இருக்கும் மிக வலுவான வாதத்தை, அதன் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வாசிக்காத மாமா இரண்டு வரியில் பிடித்துவிட்டார். பாத்திரங்கள் என்னதான் மறுத்தாலும், விளையாட்டின் விதிகள் டாலோஸை மற்ற எட்டுப் பேருக்கும் சரிசமமாகவே நடத்துகின்றன. மச்சான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பீடம் வரம் கொடுத்தால் பீடத்தில் ஏதோ ஆற்றல் இருக்கிறது என்றுதான் ஆகும், அந்த ஆற்றலுக்கு உரியவர் டைபர் செப்டிம்தான் என்று எப்படி ஆகும் என்பது அவன் கட்சி. எனக்கோ மனிதன் தெய்வமானதும் உறுத்தவில்லை, தெய்வத்துக்கு வயது குறைவு என்பதும் உறுத்தவில்லை. தொழிற்சாலையின் ரோதைகளுக்கு, அதாவது இயந்திரச் சக்கரங்களுக்கு, காவலாக ரோதை முனியையும், தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமியையும் கும்பிடும் மக்கள் நாங்கள். இலங்கையில் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை வணிகப் பயிரானதே 1867இல்தான். தேயிலை ரோதையைக் காக்கும் தெய்வம் அதற்கு முன்பு எங்கே இருந்தது என்று எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை, படையலும் குறைந்ததில்லை.

2012இல் வந்த டான்கார்ட் என்னும் இணைப்பு வழக்கை இன்னும் சிக்கலாக்கியது. அதில் வரும் கெலபோர் என்ற பனி எல்ஃப், ஆரியல், அல்கோஷ், அகடோஷ் எல்லாம் ஒரே தெய்வத்தின் பெயர்கள் என்கிறார். ஆனால் அகடோஷின் பீடத்தைத் தொட்டால் மாய ஆற்றல் விரைவாக ஊறுகிறது. ஆரியலின் பீடத்தைத் தொட்டால் வில்லாற்றல் கூடுகிறது. தெய்வம் ஒன்றென்றால் வரம் ஏன் இரண்டு என்று மச்சான் தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. மாமாவிடம் இருந்தது: "மாத்தளை மாரிகிட்ட ஒண்ணு கேக்குறோம், நம்ம மலை மாரிகிட்ட மழை கேக்குறோம். அம்மா என்ன ரெண்டு பேரா?"

நான் அதிக நாள் செலவழித்தது லோர்கான் கதையில். மண்ணுலகைப் படைக்க மற்றத் தெய்வங்களைத் தூண்டியவர் அவர். தங்கள் முன்னோரான தேவர்களை ஏமாற்றி, சாவுக்கு உட்பட்ட இந்த உலகத்தில் அடைத்த வஞ்சகன் என்று எல்ஃப்கள் அவரைத் தூற்றுகிறார்கள். ஸ்கைரிமின் மனித இனத்தாரான நோர்டுகள் அவரையே ஷோர் என்று அழைத்து, வாழ ஒரு நிலம் தந்தவர் என்று போற்றுகிறார்கள். விளையாட்டுக்குள் ஆங்காங்கே கிடக்கும் நூல்கள் ஒவ்வொன்றையும் எழுதியவர் ஏதோ ஒரு கட்சிக்காரர். எல்லாவற்றையும் வாசித்து முடித்தாலும் தீர்ப்புச் சொல்லும் ஏடு ஒன்று கையில் சிக்காது. இதை வாசிக்க வாசிக்க, சிறுவயதில் மாசி மாதத்தில் கண்விழித்துக் கேட்ட காமன் கூத்து லாவணிதான் காதில் விழுந்தது. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்று எரிந்த கட்சி பாடும்; எரியவே இல்லை என்று எரியாத கட்சி மறுக்கும்; ரதியின் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிகிறான் என்ற இடத்தை இரண்டு கட்சியும் தத்தமக்குச் சாட்சியாக இழுக்கும். விடியும்வரை முடிவு வராது. முடிவுக்காக அந்தக் குளிரில் யாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இல்லை, யார் எந்த அடியை எப்படி மடக்குகிறார் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

விளையாட்டின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. லாவணியில் எதிர்ப்பாட்டு உண்டு, ஸ்கைரிமில் இல்லை. ஹைம்ஸ்கரின் பேச்சைக் கேட்கலாம். அவரை மடக்க ஒரு வரி கிடைக்காது. டாலோஸ் தெய்வமா என்ற கேள்வி, எந்தப் படையில் சேரப்போகிறாய் என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அதைவிட உறுத்துவது, எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்வதில்லை என்பது. ஒன்பது பேரும் வாய் திறப்பதே அரிது. அந்த ஒன்பதில் சேராத டேட்ரா இளவரசர்கள் என்னும் வேறு தெய்வங்களோ நேரில் பேசி, வேலை ஏவி, கூலியாக ஆயுதமும் தருகிறார்கள். மோலாக் பால் என்ற டேட்ராவுக்காக ஒரு பூசாரியை அடித்துப் பணியவைத்துவிட்டு, மறுநாள் மெரிடியா என்ற இன்னொரு டேட்ராவின் வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒன்பதில் ஒருவரான மாராவின் கோயிலில் கல்யாணமும் முடிக்கலாம். ஏன் என்று கேட்க நாதியில்லை. முனியாண்டிக்கு நேர்ந்த ஒரு சேவலை மறந்தவனைப் பற்றி மாமா மூன்று தலைமுறைக் கதையை எடுத்துவிடுவார். பக்திக்கு விலையே இல்லாத உலகத்தில் தெய்வ வழக்கு பாதிதான் சூடு பிடிக்கிறது. தமிழில் இது இல்லை என்பதையும், அந்த நூல்களின் பழங்கால ஆங்கிலத்துக்கு அகராதி பக்கத்தில் வேண்டும் என்பதையும் வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

2022இல் மின்வெட்டு மணிக்கணக்காக நீண்ட நாட்களில், மின்கலம் செத்துப்போன அந்தக் கணினியில் ஒருவழியாகச் சொவன்கார்ட் என்னும் வீரசொர்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் வெளிச்சம் போனது. பழைய கணினி திணறும் என்று தானியங்கிச் சேமிப்பை அணைத்து வைத்திருந்தேன். அரைநாள் ஆட்டம் மண்ணாய்ப் போனது. ஆனால் அன்று ஊரில் இருந்த மச்சானும் நானும் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாயாலேயே தொடர்ந்தோம். வீரர்கள் கூடும் ஷோரின் மண்டபத்தில் ஷோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் செத்துப்போனதால்தான் என்றான் அவன். நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்றேன் நான். எரிந்த கட்சியை அவன் எடுத்துக்கொண்டதும் எரியாத கட்சி எனக்கு வந்துசேர்ந்ததும் மறுநாள்தான் உறைத்தது.

பீடங்களில் இன்னொரு வழக்கத்தை அண்மையில் மாமாவே கண்டுபிடித்தார். டாலோஸின் வரம் மேலே இருக்கும்போது ஒன்பதில் இன்னொருவரான அர்கேயின் பீடத்தைத் தொட்டால் முந்தியது மறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு வரம்தான். எந்தப் பாத்திரமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆட்டம் மிக எளிதாகிவிடாமல் இருக்க வைத்த விதி அது என்றான் மச்சான். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு சாமி வந்தா இன்னொண்ணு எறங்கிப் போயிருதா? அப்ப அதுங்களுக்குள்ளயே ஏதோ கெடக்கு மாப்புள. மத்த எட்டுக்கிட்டயும் போயி தொட்டுப் பாரு."

நாலு பீடம் முடிந்திருக்கிறது.