மாங்கிளைக் கழிவு: பெல்லட்டா, பிரிக்கெட்டா?

சித்தூர், புத்தூர், நகரி பக்கத்து மாந்தோப்புகளில் தோத்தாபுரி அறுப்பு முடிந்ததும் கவாத்து நடக்கும். வெட்டிப் போட்டதை எரிபொருளாக்கி விற்கலாம் என்றால், பலரும் முதலில் விசாரிப்பது, மரத்தூளைச் சின்னக் குச்சிகளாக அழுத்தும் பெல்லட் மெஷின் விலையைத்தான். அதே தூளைப் பெரிய உருளையாக அழுத்திய, பாய்லர்காரர்கள் ‘ஒயிட் கோல்’ என்று சொல்லும் பிரிக்கெட் ஏனோ இரண்டாம்பட்சம். நம்ம பக்கத்துக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

பெல்லட் 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன்தான். அந்தச் சின்னத் துளையில் பிதுங்கி வர, கிளையைச் சீவி, பிறகு ஹேமர் மில்லில் ரவை போல அரைக்க வேண்டும். பிரிக்கெட் 60, 90 மில்லிமீட்டர் உருளை. கொரகொரப்பான தூளே போதும், கரண்ட் மிச்சம். இரண்டிலும் பசை சேர்ப்பதில்லை. அழுத்தச் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகித் தானே ஒட்டிக்கொள்ளும். ஒரே மரத்தூள் என்றால் கிலோவுக்குக் கிடைக்கும் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 4,000 கிலோகலோரி. பெல்லட் கூடுதலாக எரியும் என்று மெஷின் விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஈரம் இரண்டுக்கும் ஆகாது. பச்சைக் கிளையின் எடையில் பாதி தண்ணீர். அது 10, 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஆகஸ்டில் வெட்டியது காய்வதற்குள் அக்டோபர் மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே மெஷின் வாங்குவதற்கு முன்னால் கூரை போடுங்கள்.

இலைதான் பெரிய தொல்லை. கட்டையைவிடச் சாம்பல் பல மடங்கு அதிகம், கூட்டி அள்ளும்போது மணலும் சேரும். பெல்லட் மெஷினின் டையும் (துளைத் தகடு) ரோலரும் சீக்கிரம் தேயும். பெல்லட் எரிக்கும் பர்னரில் சாம்பல் உருகிக் கட்டி தட்டும். பிரிக்கெட் எரியும் விறகு பாய்லரின் கிரேட் (எரிதட்டு) ஓரளவு தாங்கும். அதற்காக இலையை அள்ளிப் போடச் சொல்லவில்லை. சருகு மரத்தடியிலேயே மூடாக்காகக் கிடக்கட்டும்.

அப்புறம், வாங்குவது யார்? கையால் விறகு தள்ளும் பாய்லர் உள்ள சாயப்பட்டறை, எதையும் மாற்றாமல் பிரிக்கெட்டை எரிக்கலாம். பெல்லட்டுக்குத் தனி பர்னர் வேண்டும். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு பயோமாஸ் (தாவரக் கழிவு எரிபொருள்) கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 2021-இல் கொள்கை வகுத்தது உண்மைதான். ஆனால் டெண்டர், தரச் சோதனை, டன் கணக்கில் சப்ளை எல்லாம் ஒரு தோப்புக்காரரால் முடிகிற காரியமா? பர்னர் வைத்த ஹோட்டலோ பேக்கரியோ பக்கத்தில் நிலையாக வாங்கினால் பெல்லட் சரி.

மணிக்கட்டுத் தடிமனுக்கு மேற்பட்ட கிளை விறகாகவே விலை போகும், அதை அரைக்காதீர்கள். மிஞ்சும் சுள்ளி வருஷம் முழுக்க மெஷினை ஓட்டாது. நிலக்கடலை ஓடும் மரத்தூளும் கலந்துகொண்டால்தான் பிரிக்கெட் கட்டுபடியாகும்.