சஸ்டனான் 250 ஊசி: கால்மன் நோய்க்குறிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கருவாடு காயும் வாடை தெருமுனையிலேயே தெரியும். அந்த வாடை பிறந்ததிலிருந்தே தெரியாத பையனுக்கு 16 வயதாகியும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை என்றால், "லேட்டா வளருவான்" என்று காத்திருப்பது தவறு. பிறவியிலேயே மணம் தெரியாமையும் பருவ வளர்ச்சி தொடங்காமையும் சேர்ந்து வரும் கால்மன் நோய்க்குறியா என்று பார்த்துவிட வேண்டும். கருவில் மூக்குப் பகுதியில் தோன்றி மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதிக்குப் போய்ச்சேர வேண்டிய, பருவத்தைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள் பாதி வழியில் நின்றுபோவதால் வருவது இது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குத் தூண்டுதல் கிடைக்காது, விரையை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் போதிய அளவு சுரக்காது, விரை வளராது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் வராது. காரணமான மரபணுக்கள் பல. அவற்றில் அனோஸ்1 எக்ஸ் குரோமோசோமில் தாய் வழியாக வருவது. ஆகவே தாய்மாமன்களுக்கு மணம் தெரியுமா, பிள்ளைகள் உண்டா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

வீட்டில் மணம் சோதிக்கக் காபித்தூளையும் மல்லிகையையும் கண்ணை மூடச் சொல்லி முகரக் கொடுங்கள். கற்பூரம் வேண்டாம். அதன் காரம் வேறொரு நரம்பைத் தொடும். மணமே அறியாதவனும் "தெரியுது" என்பான்.

இனி அந்த டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து கொடுக்கும் சஸ்டனான் 250 ஊசி. 1 மி.லி. ஆம்பூலில் (கண்ணாடிக் குப்பி) டெஸ்டோஸ்டிரோனின் நான்கு எஸ்டர்கள், அதாவது உடம்பில் மெதுவாகப் பிரியும் வடிவங்கள் (30, 60, 60, 100 மி.கி.), கடலை எண்ணெயில் கரைந்திருக்கும். கடலை, சோயா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாது. 30 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் அந்த 30 டிகிரி நிற்காது. மொத்தமாக வாங்கி அடுக்காமல், போடும் நாளில் ஒன்று வாங்குவதே நல்லது.

இந்தக் கடற்கரைக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைவிட இதுதான் பொருந்தும் என்பது எங்கள் தீர்ப்பு. ஜெல் தினமும் தோளில் தடவிக் காயவிட வேண்டும். சில மணி நேரம் குளிக்கக் கூடாது. கடலுக்குப் போகிறவருக்கும் வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்கிறவருக்கும் அது நடக்காது. தடவிய இடம் பட்டால் மனைவி, குழந்தை உடம்பிலும் மருந்து ஏறும். 1000 மி.கி. நீண்டகால டெஸ்டோஸ்டிரோன் ஊசி, கீழக்கரையிலிருந்து வளைகுடா போய் வருகிறவர்களுக்கு வசதி: இரண்டாவது 6 வாரத்தில், பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. ஆனால் 4 மி.லி. எண்ணெயை மெதுவாக ஏற்றி, 30 நிமிடம் கண்காணிப்பில் உட்கார வைக்க வேண்டும்.

தவறு அதிகம் நடப்பது தொடக்க அளவில். பையனுக்கு முதல் நாளே முழு ஆம்பூல் கூடாது. எலும்பு முனைகள் சீக்கிரம் மூடி உயரம் நின்றுவிடலாம். மாதம் 50 மி.கி. என்று தொடங்கி, ஆறு மாதம், ஒரு வருடம் என்று படிப்படியாக ஏற்றுவதே வழக்கம். 50 மி.கி. என்றால் 0.2 மி.லி. இதை 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்சின் கோடுகள் யூனிட் கணக்கு, குழப்பிவிடும். மீதி 0.8 மி.லி. வீணாவது வலிக்கத்தான் செய்யும். அதற்காக எடுத்து வைக்காதீர்கள். எண்ணெய் கெட்டியானது என்பதால் தடித்த ஊசியில் உறிஞ்சி, 21 அல்லது 22 கேஜ், ஒன்றரை அங்குல ஊசிக்கு மாற்றி, பிட்டத்தின் வெளி மேல்பகுதியில் ஆழமாக, மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். பக்கத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

முழு ஆம்பூல் அளவுக்கு வந்தவருக்கு முதல் இரண்டு நாளில் ஹார்மோன் உச்சத்துக்குப் போய், சுமார் 21 நாளில் இயல்பு அளவின் அடிமட்டத்துக்கு வரும். மூன்றாவது வாரத்தில் சோர்வும் எரிச்சலும் வந்தால், அளவைக் கூட்டுவதைவிட இடைவெளியைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை அடுத்த ஊசிக்கு முன் காலையில். ஹிமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதம் தாண்டினால் ஊசியை நிறுத்திவைக்க வேண்டும். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் அது கூடுதலாகக் காட்டும். தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டு இரத்தம் கொடுங்கள்.

எல்எச், எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் (பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோன்) ஆகியவற்றைக் காலை 8 முதல் 10 மணிக்குள் பார்க்காமல் முதல் ஊசியைப் போட விடாதீர்கள். போட்ட பிறகு எடுக்கும் எல்எச் கணக்கு எதையும் சொல்லாது. சிலருக்கு ஒரு சிறுநீரகமே இருக்கும் என்பதால் வயிற்று ஸ்கேனும் வேண்டும்.

இந்த ஊசியின் பெரிய குறை, விந்தணுவை உண்டாக்காது, விரையையும் பெரிதாக்காது. குரல், தசை, எலும்பு, ஆசை வரை சரி. குழந்தை வேண்டும்போது இதை நிறுத்திவிட்டு, எல்எச் போல விரையைத் தூண்டும் எச்சிஜி ஊசிக்கு மாற வேண்டும்: பொதுவாக 1500 முதல் 2000 யூனிட், வாரம் இரண்டு மூன்று முறை. சில மாதத்தில் விந்தணு தெரியாவிட்டால் எஃப்எஸ்எச் ஊசியும் சேரும். பலன் தெரிய ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே ஹார்மோன் மருத்துவரைப் பார்ப்பது அதனால்தான். கலக்கிய எச்சிஜி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். மதுரையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும். நடுவே துணி சுற்றிக் கொண்டுவாருங்கள்.