காட்ஸா, டிசாவா: பொதுச்சேவைக்கு எது பெரிய ஆபத்து?

1995இல் அமலுக்கு வந்த காட்ஸ், உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தம். நாடு தன் அட்டவணையில் எழுதிக் கொடுத்த துறையில்தான் சந்தையைத் திறந்தாக வேண்டும். குடிநீரை எழுதாவிட்டால் அந்தக் கடப்பாடு வராது.

2013இல் பேச்சு தொடங்கி 2016 இறுதியில் நின்றுபோன இன்னொரு சேவை வர்த்தக ஒப்பந்தமான டிசாவில், உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்களைச் சமமாக நடத்தும் விதி தலைகீழ்: விலக்கு என்று எழுத மறந்ததெல்லாம் உள்ளே. கூடவே ராட்செட் விதி. பாரபட்சமான ஒரு சட்டத்தை இன்றைய அரசு தளர்த்தினால் நாளைய அரசு மறுபடி இறுக்க முடியாது. தொழிற்சங்க எதிர்ப்புக்குப் பின் உருகுவே 2015 செப்டம்பரில் வெளியேறியது.

அதற்காக காட்ஸ் பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது. அட்டவணையைப் படிப்பவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: 'நன்' (None) என்றிருந்தால் கட்டுப்பாடே இல்லை, முழுக்கத் திறந்தாயிற்று, 'அன்பவுண்ட்' (Unbound) என்றிருந்தால்தான் கடப்பாடு இல்லை. அமெரிக்காவே சறுக்கியது. 'பிற பொழுதுபோக்குச் சேவைகள்' என்று அது எழுதியதில் சூதாட்டமும் அடக்கம் என்று கரீபியத் தீவு நாடான ஆன்டிகுவா உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் 2005இல் தீர்ப்பானது.

அரசுச் சேவைக்கு காட்ஸில் விலக்கு உண்டு. ஆனால் அந்தச் சேவை வணிக அடிப்படையிலும் இருக்கக் கூடாது, போட்டியிலும் இருக்கக் கூடாது. கட்டண வார்டு நடத்தும் அரசு ஆஸ்பத்திரி இதில் தேறுமா என்பது வாதத்துக்குரியது.

கொடுத்த வாக்கை காட்ஸில் 3 ஆண்டுக்குப் பின் திரும்பப் பெறலாம். பாதிக்கப்படும் நாடுகளுக்கு ஈடாக வேறு துறையைத் திறந்துவிட வேண்டியிருக்கும். எங்கள் கணக்கில் டிசாவே மோசம்.