மலையேறும் நான்கு சாலைகள்: குடும்பத்தோடு காரில் செல்ல ஊட்டியா, கொடைக்கானலா?

அரையாண்டுத் தேர்வு முடியும் வாரத்தில் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரே வாக்குவாதம்தான் நடக்கும். பிள்ளைகள் ஊட்டி என்பார்கள். போகிற வழியில் பழநி முருகனையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கில் அம்மா கொடைக்கானல் என்பார். நாங்கள் உடுமலைக்காரர்கள். அதனால் விடியற்காலையில் கிளம்பினால் இரண்டு மலைகளில் எதுவானாலும் மதிய உணவுக்கு மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். இப்படி மாறி மாறிப் பல ஆண்டுகள் காரில் போய்வந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எந்த ஊர் ஏரி அழகு, எந்த ஊர்ப் பூங்கா பெரிது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் அதிகப் பயன் இல்லை. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,130 மீட்டர். குளிரில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு ஏரிகளும் வெள்ளைக்கார அதிகாரிகள் வெட்டியவை. ஊட்டியில் ஜான் சல்லிவன், கொடைக்கானலில் 1863இல் லெவிஞ்ச். படகும் குதிரையும் மிளகாய்ப்பொடி தடவிய சோளமும் இரண்டு கரைகளிலும் உண்டு. பின்சீட்டில் எழுபது வயது அம்மாவும், வளைவு கண்டாலே வயிறு புரட்டும் பையனும் இருக்கும்போது ஒப்பிட வேண்டியவை சாலைகள்தாம். அடுத்தபடியாக, மேலே போய்ச் சேர்ந்த பிறகு காரை எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏறும் வழிகள்

நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு வழிகள் உள்ளன. கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறி ஊட்டி போனால் ஏறத்தாழ 51 கிலோமீட்டர். குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி ஏறி ஊட்டி போனால் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பேருந்துகளும் காய்கறி லாரிகளும் வேன்களும் ஓயாமல் ஓடும் சாலை அது. கோத்தகிரிச் சாலை ஏற்றத்தில் சற்று மென்மையானது, நெரிசலும் குறைவு, வளைவுகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கும். பலாப்பழக் காலத்தில் யானைகள் இந்தச் சாலையோரம் வந்து நிற்பது வழக்கம் என்பதால், இருட்டிய பிறகு குழந்தைகளை வைத்துக்கொண்டு இதில் ஏறுவதை நான் தவிர்த்துவிடுவேன்.

கொடைக்கானலுக்கும் நமக்குத் தேவைப்படும் வழிகள் இரண்டுதான். வத்தலக்குண்டு பக்கம் காட்ரோடு என்ற இடத்தில் ஏறத் தொடங்கி, டம்டம் பாறை, ஊத்து வழியாகப் போகும் பழைய சாலை ஒன்று. பழநியிலிருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாக ஏறும் சுமார் 65 கிலோமீட்டர்ச் சாலை மற்றொன்று. மதுரை, திண்டுக்கல் பக்கத்தவர்களுக்கு முன்னது. கொங்குப் பகுதியினருக்குப் பின்னது. வத்தலக்குண்டுச் சாலையில் டீக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் அடிக்கடி வரும். டம்டம் பாறையில் இறங்கி நின்றால், மழை பெய்த பின் எலிவால் அருவி எதிர்மலையில் வெள்ளைக் கோடாய்த் தெரியும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ள அந்த அருவியைக் காண நுழைவுச்சீட்டு எதுவும் தேவையில்லை. பழநிச் சாலை அமைதியானது. அடிவாரத்தில் வரதமாநதி அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினால், திரும்பிப் பார்க்கும் வளைவுகளில் அந்த அணை சிறுத்துக்கொண்டே போவது பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. கடைகள் மிகக் குறைவு என்பதால், பழநியிலேயே பெட்ரோலும் சாப்பாடும் முடித்துவிட வேண்டும். சில இடங்களில் சாலை குறுகலாக இருக்கும். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்பதுதான் முறை.

இந்த நான்கு வழிகளையும் வரைபடத்தில் பார்த்தால் தெரியாத ஒரு வேறுபாடு, சீசன் நாளில் நடு வழியில் நிற்கும்போதுதான் புரியும். கொடைக்கானலின் இரண்டு சாலைகளும் ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்பே, பெருமாள்மலையில் ஒன்றாகிவிடுகின்றன. அதன் பிறகு வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஊர் வரை இருப்பது ஒரே சாலை. நீர்வீழ்ச்சியில் நின்று படம் எடுப்பவர்களின் கார்களும், அங்கேயே உள்ள நகராட்சிச் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும் கார்களும் சேர்ந்துகொண்டால், பழநி வழியாக வந்த புத்திசாலியும் வத்தலக்குண்டு வழியாக வந்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு மட்டும் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பின்சீட்டில் எலுமிச்சம்பழம் தீர்ந்து, புளிப்பு மிட்டாய் தீர்ந்து, அம்மாவின் பொறுமையும் தீர்ந்துவிட்டது. நீலகிரியில் அப்படியில்லை. மேட்டுப்பாளையத்தில் பிரியும் இரண்டு சாலைகளும் மலையின் மேல்தான் சேர்கின்றன. ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று இருக்கிறது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கிவிட்டால் ஊட்டி வரை போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. கோடை சீசனில் காவல்துறை குன்னூர்ச் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரிச் சாலையை இறங்குவதற்கும் ஒருவழியாக மாற்றுவது வழக்கம். கோத்தகிரியில் அறை எடுத்தவர்கள் அப்போது குன்னூர் ஏறி, அங்கிருந்து கட்டபெட்டு வழியாகச் சுற்றித்தான் போய்ச்சேர முடியும். சுற்று என்றாலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை அது. எங்களில் யாரும் அதற்காகக் குறைபட்டதில்லை.

இறங்கும்போது

ஏற்றத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் காரில் கோத்தகிரிச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். சமவெளியில் ஓட்டுவதுபோலவே கியரை ‘டி’யில் விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தியபடியே வந்தார். குஞ்சப்பனைக்குச் சற்று மேலே ஏதோ கருகும் வாடை அடித்தது. பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது என்று அவர் சொன்னதும், ஓரத்தில் ஒரு டீக்கடை முன் நிறுத்தினோம். முன்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. மைத்துனர் குடிதண்ணீரை எடுத்து ஊற்றப் போனார். கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

“சார், தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. டிஸ்க்கு வளைஞ்சிரும். அரை மணி நேரம் உக்காந்து டீ குடிங்க, தானா ஆறிடும். எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்லதான் இறங்கணும்.”

அவர் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. இரண்டாம் கியரில், இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும். நான்கு சாலைகளுக்கும் இது பொதுவே. ஆனால் சமவெளி ஓட்டுநருக்கு மன்னிப்புக் குறைவான இறக்கம் எது என்று கேட்டால், நீண்டு தொடர்ச்சியாக இறங்கும் குன்னூர்–கல்லாறு இறக்கத்தையே சொல்வேன். பழநி இறக்கத்தில் நெரிசல் இல்லாததால் மெதுவாகப் போனாலும் பின்னால் ஹாரன் அடித்து விரட்டுபவர்கள் குறைவு. மலைச்சாலைக்குப் புதியவர் அங்கே பழகிக்கொள்ளலாம்.

மேலே போன பிறகு

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி அமைந்த ஊர். ஏரியைச் சுற்றும் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். பிரையண்ட் பூங்கா ஏரியின் ஓரத்திலேயே இருக்கிறது. மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக் அங்கிருந்து நடந்துபோகும் தொலைவுதான். ஏரிக்குப் பக்கத்தில் தங்கினால், முதல் நாள் நிறுத்திய காரை மறுநாள் மாலை வரை தொடவே வேண்டாம். கோக்கர்ஸ் வாக்குக்குக் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். பிற்பகலில் மூடுபனி ஏறிவிட்டால் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தூண்பாறையும் அதன் பக்கத்துக் காட்சிமுனைகளும் விடுமுறை நாளில் கார் வரிசையைப் பார்க்கும் இடங்களாகவே ஆகிவிட்டன. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நான் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் போய்விடுவேன். சாலையோரத்தில் நின்று பார்த்தால் பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள் கீழே விரியும். அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சிறியது, காரம் அதிகம், பரணில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. பழநிச் சிலையைப் போலவே, ஊரின் நடுவே உள்ள குழந்தை வேலப்பர் சிலையும் சித்தர் போகர் செய்தது என்பது ஐதீகம் என்று தெரிந்த நாள் முதல், அம்மாவுக்குக் கொடைக்கானல் என்றாலே பூம்பாறைதான். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் புல்வெளியும் இருக்கின்றன. பிள்ளைகள் ஓடுவதற்கு அந்தப் புல்வெளி ஒன்று போதும்.

நீலகிரி இதற்கு நேர்மாறானது. ஊட்டியில் தாவரவியல் பூங்கா, குன்னூரில் சிம்ஸ் பூங்கா, கோத்தகிரிக்கு அப்பால் கோடநாடு காட்சிமுனை, மேற்கே பைக்காரா என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் இருக்கிறது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே 18 கிலோமீட்டருக்கு மேல். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவே முப்பதுக்கு அருகில். ஒவ்வொரு நாளும் கார் எடுக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் நிறுத்த இடம் தேட வேண்டும்; ஓட்டுகிறவருக்கு விடுமுறை என்பதே இல்லை. இதற்கு நாங்கள் கண்ட மாற்று மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் பல்தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பகுதிதான் சிறப்பு என்றாலும், முழுப் பயணம் ஐந்து மணி நேரம் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது அதிகம். ஆகவே குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் அம்மாவையும் பிள்ளைகளையும் ரயிலில் ஏற்றிவிட்டு, நான் காரை ஓட்டிக்கொண்டு போய் ஊட்டி நிலையத்தில் காத்திருப்பேன். கேத்திப் பள்ளத்தாக்கு முழுவதையும் பெட்டி ஜன்னலிலிருந்து அவர்கள் பார்க்க, நான் தனியாகப் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டு போவேன். இதில் யாருக்கு ஆதாயம் அதிகம் என்று வீட்டில் நான் சொல்வதில்லை.

எந்த விடுமுறைக்கு எந்த மலை

கோடை விடுமுறையில் போவதானால் நீலகிரிதான்; ஆனால் ஊட்டியில் தங்கக் கூடாது, கோத்தகிரியில் தங்க வேண்டும். தொட்டபெட்டா மலைத்தொடர் மறைப்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகமும் கோத்தகிரியில் குறைவு, மே இறுதியில் போனாலும் பெரும்பாலும் நனைய வேண்டியிருக்காது. மலர்க்கண்காட்சியைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் வாரநாள் ஒன்றில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, கூட்டம் சேர்வதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அரையாண்டு விடுமுறைக்குக் கொடைக்கானல், அதுவும் பழநி வழியாக. டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மலை கழுவிவிட்டதுபோல் இருக்கும். உறைபனி இரண்டு ஊரிலும் விழும் என்றாலும், விடியற்காலை தலைகுந்தாவில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்க விரும்பும் குடும்பம் மட்டும் அப்போது ஊட்டிக்குப் போகட்டும். பொங்கல் விடுமுறைக்குப் பழநி வழியை நான் சொல்லமாட்டேன். தைப்பூசப் பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரம் நடந்துவரும் காலம் அது. தீபாவளியை ஒட்டிய நாள்களில் இரண்டுமே வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவையும், 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் சாலைகளில் மரங்களைச் சாய்த்துப் போட்டதையும் பார்த்தவர்கள் அந்த மாதத்தில் குழந்தைகளோடு மலை ஏற மாட்டார்கள்.

எந்த மலையானாலும், வண்டிக்கு இணையத்தில் பதிந்து பெறும் அனுமதிச்சீட்டான இ-பாஸ் எடுக்காமல் கிளம்பக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு இடங்களுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கான எண்ணிக்கை குறைவு என்பதால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. பாஸ் வண்டி எண்ணுக்கு உரியது. கடைசி நேரத்தில் தம்பியின் காரை எடுத்துக்கொண்டு போனால் சோதனைச்சாவடியில் நின்று புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை இரண்டு மலையிலும் மறந்துவிட வேண்டும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி விதித்தார்கள். எவர்சில்வர் தூக்கில் இட்லியும், பித்தளைக் கூஜாவில் வெந்நீரும் கொண்டுபோகும் அம்மாவின் பழைய பழக்கத்தைக் கேலி செய்த பிள்ளைகள், சோதனைச்சாவடியில் பக்கத்துக் காரின் டிக்கியைத் திறந்து பாட்டில்களை எண்ணியபோது வாயை மூடிக்கொண்டார்கள்.

அறை பதிவு செய்யும்போது ஏரி தெரியுமா என்று கேட்பதைவிட, வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வரும், கார் நிறுத்துமிடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி என்று கேட்டுக்கொள்வது மேல். ஒருமுறை ஏரி தெரியும் என்று சொல்லித் தந்த அறைக்கு அறுபத்திரண்டு படிகள் இருந்தன. ஏரி குளியலறை ஜன்னலிலிருந்து தெரிந்தது. இந்த அரையாண்டுக்குப் பழநி வழி என்று முடிவாகிவிட்டது. இறங்கும் நாளில் மதியம் இரண்டு மணிக்குள் பெருமாள்மலையைத் தாண்டிவிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே கடைசி வளைவு முடிந்தால், அம்மாவுக்குச் சாயரட்சை பூஜைக்கும் நேரம் இருக்கும்.