வானத்திலிருந்து பார்சல்: கயிறா, பாராசூட்டா, கையைவிட்டுப் போடுவதா?

ட்ரோன் டெலிவரி என்றதும் எத்தனை கிலோமீட்டர் பறக்கும், எவ்வளவு எடை தூக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நடுவானில் பறப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. ஆள், நாய், மரக்கிளை, வயர் எல்லாம் இருக்கும் உயரத்துக்குப் பார்சலைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். அதை எப்படிச் செய்வது என்பதில் கம்பெனிக்கு ஒரு வழி. அந்த ஒரு முடிவை ஒட்டித்தான் ட்ரோனின் வடிவம், எடை, வாங்க வேண்டிய அனுமதி எல்லாம் மாறுகின்றன.

பழைய ஆளிடமிருந்து தொடங்கலாம். ஜிப்லைன் என்ற அமெரிக்க ட்ரோன் கம்பெனி 2016 அக்டோபரில் ருவாண்டாவின் முஹாங்காவிலிருந்து மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்ப ஆரம்பித்தது. அதன் ட்ரோன் பார்க்க ஒரு குட்டி விமானம். கவண் மாதிரி ஒரு பொறி அதை வானில் எறியும். மருத்துவமனைக்கு மேலே போனதும் தாழப் பறந்து பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும், இறங்காது. பெட்டி காகிதப் பாராசூட்டில் கீழே வரும். திரும்பி வந்த ட்ரோனை, குறுக்கே கட்டிய கம்பி அதன் வால் கொக்கியில் மாட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்தரத்தில் நிற்கவும் தரையிறங்கவும் தேவையில்லாததால் அதற்கான மோட்டார், சக்கரம் எதுவும் கிடையாது. மிச்சமாகும் எடையெல்லாம் தூரமாக மாறுகிறது. ஒரு பக்கம் 80 கிலோமீட்டர் வரை போய் வரும். இந்தச் சேவை வந்த ருவாண்டா மருத்துவமனைகளில் காலாவதியாகி வீணாகும் ரத்தம் ஓராண்டில் 67 சதவீதம் குறைந்ததாக 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. அவசர ரத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெட்டி விழ, கார் நிறுத்துமிடம் அளவுக்காவது ஒரு காலி இடம் வேண்டும். காற்று கொஞ்சம் தள்ளினாலும் பரவாயில்லை என்ற நிலையும் வேண்டும். அடுக்குமாடி வீட்டு பால்கனிக்கு இது ஆகாது.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் விங், கயிற்றைத் தேர்ந்தெடுத்தது. ட்ரோன் சுமார் 5 கிலோ, சுமை 1 கிலோவுக்குச் சற்று மேல். ஏழு மீட்டர் உயரத்தில் நின்று கயிறு விடும். தரையைத் தொட்டதும் கொக்கி தானே கழன்றுகொள்ளும். சுழலும் விசிறிகள் ஆள் உயரத்துக்கு வருவதே இல்லை, எடையும் குறைவு. 2019-ல் சரக்கு ட்ரோனுக்கு அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. முதலில் சான்றிதழ் கொடுத்தது இந்தக் கம்பெனிக்குத்தான். அது சின்ன விமான நிறுவனங்களுக்கு உள்ள அதே விதிப்பிரிவில் வரும் சான்றிதழ். ஐந்து கிலோ பிளாஸ்டிக்குக்கு அந்த விதிமுறை கொஞ்சம் அதிகம்தான்.

லேசாக இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2022-ல் ஆஸ்திரேலியாவின் லோகன் நகரில் ஒரு விங் ட்ரோன் மின்கம்பியில் போய் உட்கார்ந்ததில் 2,000 வீடுகளுக்கு மேல் கரண்ட் போனது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கான்பெரா பக்கம் போனிதனில் சோதனை நடந்தபோது, ட்ரோன் விழுமோ என்ற பயத்தைவிட அதன் இரைச்சலைப் பற்றித்தான் மக்கள் அதிகம் புகார் செய்தார்கள்.

2023-ல் ஜிப்லைனும் வீட்டு டெலிவரிக்காகப் பாராசூட்டை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு வந்தது. ஆனால் அதன் ட்ரோன் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும். கயிற்றின் முனையில் ஒரு சின்னக் கூடு, தன் சொந்த விசிறியால் திசை திருப்பிக்கொண்டு வாசலில் வந்து பொருளை வைக்கும். சத்தமும் மேலேயே தங்கிவிடும். பாகங்கள் கூடுதல், பழுதும் கூடலாம். இருந்தாலும் தெருவில் நிற்பவர் கோணத்தில் பார்த்தால் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அமேசானிடம் கயிறு கிடையாது. சுமார் நான்கு மீட்டர் உயரத்துக்கு இறங்கி வந்து பெட்டியைக் கையைவிட்டுப் போட்டுவிடும். கயிறு சிக்கும் தொல்லை இல்லைதான். ஆனால் 35 கிலோவுக்கு மேலான ஒரு இயந்திரம் அத்தனை விசிறிகளோடும் கூரைக்குக் கீழே வருகிறது. தரை எங்கே இருக்கிறது என்பதை அது சரியாகத் தெரிந்துகொள்வதில்தான் எல்லாமே இருக்கிறது. 2024 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் சோதனைத் தளத்தில் லேசான மழை பெய்தபோது அதுதான் தவறியது. உயரத்தை அளக்கும் லேசர் உணரி தவறான அளவைக் கொடுக்க, இரண்டு ட்ரோன்கள் தரையைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்து 200 அடி உயரம் போலிருக்கும்போதே மோட்டாரை நிறுத்திக்கொண்டன. முந்தைய மாடலில் தரையைத் தொட்டதா என்று உறுதிசெய்யத் தனி ஸ்விட்ச் இருந்தது, புதியதில் எடுத்துவிட்டார்கள். 2025 அக்டோபரில் அரிசோனாவில் அடுத்தடுத்து இரண்டு ட்ரோன்கள் ஒரே கிரேனில் போய் மோதின. வரைபடத்தில் இல்லாத கிரேன் ஒன்று திடீரென முளைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதானே!

சீனாவின் உணவு டெலிவரி கம்பெனி மெய்டுவான் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. ஷென்ஜென்னில் தெருவோரம் கியோஸ்க் வைத்திருக்கிறார்கள். ட்ரோன் அதன் கூரையில் இறங்கும், நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘வாசலுக்கே வரும்’ என்ற கவர்ச்சி போய்விடுகிறது. பதிலுக்கு, இறங்கும் இடம் தெரிந்த இடம், பாதையும் தெரிந்த பாதை.

இந்தியாவில் நடந்த முயற்சிகளும் இந்தப் பக்கம்தான். 2021-ல் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்தும், மணிப்பூரில் லோக்டாக் ஏரியின் கராங் தீவுக்குத் தடுப்பூசியும் போனபோது, ட்ரோன் குறிப்பிட்ட இடத்தில் இறங்கியது. சாலையில் 26 கிலோமீட்டராக இருந்த கராங் பயணம் வானில் 15 கிலோமீட்டர், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கேபிள் வயர், மின்கம்பி, மாடித் துணிக்கொடி என்று பின்னிக்கிடக்கும் நம் தெருக்களில் கயிறு விடுவது இப்போதைக்கு வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாடியில் ஒரு மேடை போதும்.

விதி இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறதா? அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவு விதி, இயக்குபவரின் பார்வைக்கு எட்டாத தூரம் பறப்பதற்கான அனுமதியைக் கீழே மக்கள் எவ்வளவு நெருக்கமாக வசிக்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பார்க்கிறது. நம் 2021 ட்ரோன் விதிகள் எடையை வைத்து ஐந்து வகை பிரிக்கின்றன. இரண்டு கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை எல்லாம் ‘சிறிய’ ட்ரோன். ஐந்து கிலோ விங்கும், 20 கிலோ அளவில் இருக்கும் ருவாண்டா ஜிப்லைனும் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். எப்படி இறக்குகிறாய் என்பதை வகைப்பிரிப்பு கேட்பதில்லை. டெலிவரிக்குத் தனி விதி எழுதும்போது முதல் கேள்வியாக அதைத்தான் வைக்க வேண்டும்.