இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் பவுடர்: நம்ம ஊர்த் தண்ணீரில் எப்படி?

மொசைக் தரைக்கு பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் அதே வெள்ளை ஆக்சாலிக் அமிலப் பவுடர்தான் மரத்தில் ஏறிய இரும்புக் கறைக்கும் சரியான மருந்து. ‘துரு நீக்கி’ என்று பாட்டிலில் வருபவை பெரும்பாலும் இரும்புச் சாமானுக்கானவை. மரத்துக்கு அவை வேண்டாம்.

பண்ருட்டிப் பலா, தேக்கு, கருவேலம் போன்றவற்றில் துவர்ப்புச் சத்தான டானின் இருக்கிறது. ஈரமான மரத்தில் இரும்பு பட்டால் இரண்டும் சேர்ந்து கருநீலமாகிவிடும். கடற்காற்றும் ஐப்பசி மழையும் போதும், ஆணியைச் சுற்றி மை கொட்டியதுபோல் பரவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பள்ளம்தான் விழும். கறை மரத்தின் ரேகை வழியே உள்ளே இறங்கியிருக்கும். ஆக்சாலிக் அமிலம் அந்த இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றுகிறது. அதனால்தான் கழுவினால் போய்விடுகிறது.

முதலில் ஆணி, திருகு, கீல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுங்கள், அது இருந்தால் கரைசல் மரத்துக்குள் போகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 முதல் 80 கிராம் பவுடர் போதும். ரொம்ப அதிகமாகப் போட்டால், ஆறியதும் அடியில் படிகமாக உட்கார்ந்துவிடும். கொதிக்கக் கொதிக்கக் கலக்க வேண்டாம், ஆவி மூக்கை அரிக்கும். பிளாஸ்டிக் மக்கில் கலக்குங்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிரஷில் பலர் கோட்டை விடுகிறார்கள். முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டை அமிலத்தில் துருப்பிடித்து, சொட்டுச் சொட்டாகப் புதுக் கறையை வைக்கும். ஸ்பாஞ்சோ பழந்துணியோ போதும்.

கறையின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் கறுப்பு சாம்பலாகி வெளுத்தால் அது இரும்புதான். பிறகு கறையில் மட்டும் தடவாமல் பலகை முழுக்கத் தடவுங்கள். இல்லையென்றால் அந்த இடம் மட்டும் வெளிறித் தேமல் போல் நிற்கும். 15, 20 நிமிடம் காயாமல் ஈரமாகவே வைத்திருங்கள். பழைய தேக்குக் கதவு என்றால் இரண்டாவது தடவையும் வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் வேலை கெடுவது இதற்கு அடுத்த கட்டத்தில், கழுவும் தண்ணீரில். போர் தண்ணீரின் கால்சியம் இந்த அமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் தூளாகி மரத்தின் துளைகளில் அடைந்துகொள்ளும். வார்னிஷ் போட்டதும் பூஞ்சை மாதிரி பளிச்சென்று தெரியும். வாளியில் பிடித்தால் பழுப்பாகப் படிகிற தண்ணீரில் இரும்பே இருக்கிறது, எடுத்த கறையைத் திரும்பக் கொடுத்துவிடும். மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீரில் மூன்று முறை நன்றாகக் கழுவித் துடையுங்கள். சமையல் சோடா போட்டுக் கழுவச் சொல்பவர்கள் உண்டு. பலாவில் அது நிறத்தை மாற்றிவிடலாம், ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

நிழலில் நன்றாகக் காயட்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் போதாது. ஈரத்தில் நார் சிலிர்த்த மேற்பரப்பை 180 நம்பர், பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் இழையுங்கள். முகமூடி போடாமல் தேய்த்தால் மிச்சமிருக்கும் தூள் தொண்டையைப் பிடுங்கும்.

இது எல்லாக் கறைக்கும் ஆகாது. பித்தளைத் தாழ்ப்பாளின் பச்சைக் கறைக்கும் சாயத்துக்கும் பயன்படாது. எலுமிச்சை ரொம்ப மெதுவாகத்தான் வேலை செய்யும். வினிகரில் இரும்பு ஊறிய தண்ணீரால்தான் மரத்தை வேண்டுமென்றே கறுப்பாக்குகிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். பிளீச்சிங் கறையை எடுக்காது. அதை இந்த அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆளையே அடித்துவிடும்.

திரும்ப மாட்டும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளைத் திருகு வாங்குங்கள். பசை போட்டு கிளாம்ப் மாட்டும்போது இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் பாலிதீன் துண்டு வையுங்கள். ஸ்டீல் வுல்லுக்குப் பதில் நைலான் தேய்ப்பான் நல்லது, உடைந்த இரும்பு இழை ஒன்று சிக்கினாலும் அடுத்த ஈரத்தில் கறுப்புப் புள்ளிதான்.

பவுடரின் குறை அது விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. சில்லறையில் வாங்கினால் பெயரில்லாத பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க சர்க்கரை மாதிரி இருக்கும், வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேபிள் உள்ள பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். மிச்சத்தை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பட்டறையிலேயே பூட்டி வையுங்கள்.