முதலில் முழுக்கை சட்டை, அப்புறம்தான் சன்ஸ்கிரீன்

நில அளவை வேலை என்பதால் பகலில் பெரும்பகுதி எனக்கு வெட்டவெளியில்தான் போகும். சன்ஸ்கிரீன், முழுக்கை சட்டை, தொப்பி மூன்றையும் வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்: சட்டைக்குத்தான் முதலிடம்.

கிரீமில் குறையில்லை, பூசுகிற அளவில்தான் சிக்கல். டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதற்கான குறியீடு), சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். அவ்வளவு தாராளமாக யார் பூசுகிறார்கள்? அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துக் கொட்டினால் அதற்கும் முன்பே. கையெல்லாம் புழுதியாக இருக்கும்போது இது நடக்கிற காரியமா? எஸ்பிஎஃப் 30-ஆ 50-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். சரியாகப் பூசினால் முன்னது யூவிபி கதிரில் (தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்) சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், பின்னது 98. தோலுக்குள் ஆழமாக இறங்கும் இன்னொரு புற ஊதாக் கதிரான யூவிஏ-வையும் தடுக்கும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' வகைதானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

முதலில் வாங்கிய ஜெல் எனக்கு ஒத்துவரவில்லை. வியர்வையோடு நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் இறங்கும். அந்த எரிச்சலில் கருவியில் அளவே பார்க்க முடியாது. ஜிங்க் ஆக்சைடு கிரீமுக்கு மாறினேன். முகம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், காலரில் வெள்ளை படியும், கிண்டலும் வரும். கண் எரியவில்லை, எனக்கு அது போதும்.

சட்டைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. யுபிஎஃப் என்பது துணிக்கான பாதுகாப்பு எண்; அது 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டும். காலையில் மாட்டினால் சாயங்காலம் வரை கவலையில்லை. ஆரம்பத்தில் புழுங்கும்தான், கொஞ்சம் தொளதொளவென்று எடுத்தால் காற்று ஓடும். மெல்லிய வெள்ளைப் பருத்தியை நம்ப வேண்டாம், நனைந்தால் பாதுகாப்பு இன்னும் குறையும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். என் பழைய சட்டையில் தோள்பட்டை, பை வார் உரசி உரசி வலை மாதிரி ஆகிவிட்டது. உடனே மாற்றிவிட்டேன்.

தொப்பி சுற்றிலும் அகல விளிம்போடு இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது காதையும் பிடரியையும் அம்போவென்று விட்டுவிடும்.

இப்போது கிரீம் முகம், காது மடல், புறங்கைக்கு மட்டும்தான். செருப்பு போடும் நாளில் பாதத்துக்கும். டியூபை வண்டியில் விட்டுவைப்பதில்லை. சூட்டில் தண்ணீரும் பசையுமாகப் பிரிந்துபோன ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். வானம் மூடியிருக்கும் நாளிலும் இதே ஏற்பாடுதான், மெல்லிய மேகத்தைத் தாண்டி யூவி வந்துவிடும்.